பொலிஸைப் பாராளுமன்றம் கேள்வி கேட்டால் என்ன ஆகும்?

ஒரு வாசகர் எழுதியது, 2025 ஓகஸ்ட் 6

நேற்று பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனையே பாராளுமன்றம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆதரவு 177, எதிர்ப்பு பூச்சியம். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பைப் பற்றிப் பாராளுமன்றத் தெரிவுக்குழு என்று சொல்லி மாதக்கணக்கில் ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தார்களே, அதனால் ஒருவருக்காவது வேலை போனதா? கேள்வி கேட்பதெல்லாம் பொழுதுபோக்கு. வாக்கெடுப்புத்தான் உண்மையான கண்காணிப்பு. இல்லை என்பவர் வந்து சொல்லுங்கள்.

ஓகஸ்ட் 6, இரவு 10.40

இல்லை என்கிறேன்.

வேலை போனதா என்று கேட்டீர்கள். போனது. 2019 மே 29, தெரிவுக்குழு திறந்த அமர்வாகச் சாட்சியம் பதிவுசெய்யத் தொடங்கிய முதல் நாள். அன்று வந்தவர்களில் ஒருவர் தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிஸ். பத்துப் பன்னிரண்டு நாளில் அவர் அந்தக் கதிரையில் இல்லை. இதை வெற்றிக் கணக்கில் எழுதுவதா தோல்விக் கணக்கில் எழுதுவதா என்பது வேறு விஷயம். ஆனால் வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவசரமாக அமைச்சரவையைக் கூட்டி, இதை நிறுத்துங்கள் என்று நின்றிருக்கமாட்டார். சேவையில் இருக்கும் புலனாய்வு அதிகாரிகளை அங்கே அனுப்பமாட்டேன் என்றும் சொன்னார். பிறகு செப்டெம்பரில் அவரே அதே குழுவுக்குத் தன் செயலகத்தில் வைத்து வாக்குமூலம் கொடுத்தார். மூன்று மாதத்தில் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார் பாருங்கள்.

ஓகஸ்ட் 7, காலை

நேற்று இரவு கோபத்தில் எழுதிவிட்டேன். நான் ஏன் இதில் சூடாகிறேன் என்று சொல்லவில்லை.

நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21 காலை முற்றத்தில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி தாண்டியிருக்கும். சத்தம் கேட்டது. யுத்த காலத்தில் வளர்ந்த எங்களுக்குச் சத்தத்தை வைத்தே தூரம் சொல்ல வரும். பத்து வருடமாகப் பாவிக்காத அந்தக் கணக்கு அன்று தன்பாட்டில் மனதுக்குள் ஓடியது. சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். அதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் சலூனில் உட்கார்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் பூஜித் ஜயசுந்தர சாட்சியம் சொல்கிறார். நாட்டின் பொலிஸ் மா அதிபர், கட்டாய விடுமுறையில் அனுப்பப்பட்டவர். 2018 ஒக்டோபருக்குப் பிறகு தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குத் தன்னைக் கூப்பிடவே இல்லை என்கிறார். சலூன்காரர் கத்தரிக்கோலை என் காதுக்குப் பக்கத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். "பொலிஸ் பெரியவருக்கே கூட்டத்துக்கு வரச்சொல்லி சொல்லல்லையாமா?" பாதி வெட்டிய தலையோடு ஐந்து நிமிடம் இருந்தேன்.

இந்த ஐந்து நிமிடத்தைத்தான் நீங்கள் பொழுதுபோக்கு என்கிறீர்கள்.

ஓகஸ்ட் 7, மதியம்

குழுவில் யார் இருந்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தலைவர், அப்போதைய பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி. உறுப்பினர்களில் சுமந்திரன், ரவூப் ஹக்கீம், சரத் பொன்சேகா, ராஜித சேனாரத்ன, நளிந்த ஜயதிஸ்ஸ எல்லாரும் உண்டு. அறிக்கை சபைக்கு வந்தது 2019 ஒக்டோபர் 23. ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. யார் படித்திருப்பார்கள்!

ஓகஸ்ட் 7, இரவு

படித்தவன் நான் ஒருவன். அதனால் என் முதல் குறிப்பை நானே திருத்த வேண்டியிருக்கிறது.

சாட்சி சொன்ன மெண்டிஸை மட்டும் எடுத்துக்காட்டினேன். அதைவிடப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். அப்போது அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தன. வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதி வந்து சேர்ந்தது அவர் கைக்குத்தான். அங்கிருந்து அது கடிதமாகி, கடிதத்துக்கு மேல் கடிதமாகி, 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்கு, 11ஆம் திகதி இன்னும் சில பிரிவுகளுக்கு என்று போனது. எங்கள் கிராம சேவகர் காரியாலயத்தில் ஒரு கடிதம் இந்த வேகத்தில் போனால் நாங்கள் கோபப்படமாட்டோம். குண்டு வரப்போகிறது என்ற கடிதம் இந்த வேகத்தில் போயிருக்கிறது.

மிகப் பெரிய பொறுப்பு அந்தப் பணிப்பாளருடையது என்று தெரிவுக்குழு 2019இலேயே எழுதிவிட்டது. தேசிய பொலிஸ் ஆணைக்குழு அவரைச் சேவையிலிருந்து நீக்கியது எப்போது? போன மாதம். 2025 ஜூலை. அப்போது அவர் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர்.

ஆக வாசகரே, வேலை போயிருக்கிறது. ஐந்தே முக்கால் வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 8

"இது தெரிவுக்குழுவால் நடந்ததா, நீதிமன்றத்தால் நடந்ததா?" என்ற கேள்வி நியாயம். நடுவில் நடந்தவற்றையும் வைக்கிறேன்.

2022 பெப்ரவரி 18: பூஜித், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ இருவரையும் கொழும்பு மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆளுக்கு 855 குற்றச்சாட்டு. அவர்கள் தரப்பைப் பேச அழைக்காமலே விடுதலை.

2023 ஜனவரி 12: உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை வழக்கில் தீர்ப்பு. சிறிசேன 10 கோடி ரூபா, பூஜித்தும் நிலந்தவும் தலா ஏழரைக் கோடி, ஹேமசிறி 5 கோடி, மெண்டிஸ் 1 கோடி, சொந்தப் பணத்தில் நட்டஈடு. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம் என்றால் உங்கள் உச்ச நீதிமன்றம். எங்கள் மேல் நீதிமன்றம் அதற்குக் கீழே. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.)

அந்தத் தீர்ப்பு வந்த அன்று பலரும் புதுச் செய்தி போலப் பேசினார்கள். எங்கள் சலூன்காரருக்கு அது பழைய கதை. 4ஆம் திகதி, 9ஆம் திகதி, கூப்பிடாத கூட்டம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பாராளுமன்றம் செய்த வேலை இதுதான் என்பது என் வாதம். தண்டிக்கவில்லை. ஆனால் பிறகு எவரும் "எனக்குத் தெரியாது" என்று ஊர் நம்பும்படி சொல்ல முடியாமல் போனது.

ஓகஸ்ட் 9

இப்போது உங்கள் 177க்கு வருகிறேன். இரண்டு வாக்கெடுப்பைப் பலர் குழப்புகிறார்கள். ஏப்ரல் 8இல் நடந்தது, தேசபந்து தென்னகோனை விசாரிக்கக் குழு அமைக்கும் பிரேரணை. அதற்கு 151. ஓகஸ்ட் 5இல் நடந்தது, குழுவின் அறிக்கை வந்தபின் பதவி நீக்கும் பிரேரணை. அதற்கு 177. இரண்டிலும் எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை.

சட்டம் 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கம், உத்தியோகத்தர்களை நீக்குதல் பற்றியது. பொலிஸ் மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் பொருந்தும். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் போதாது. மொத்தம் 225 பேரில் 113 வேண்டும். விசாரிப்பது எம்.பி.க்கள் இல்லை, மூன்று பேர் கொண்ட குழு. அதற்குத் தலைமை தாங்கிய உயர் நீதிமன்ற நீதியரசர் பிரீத்தி பத்மன் சூரசேன இப்போது பிரதம நீதியரசர். பொலிஸ் ஆணைக்குழுத் தலைவரும் அதில் ஒருவர்.

இருபத்து மூன்று வருடமாக இருந்த சட்டம், அதன்படி ஒரு பொலிஸ் மா அதிபர் நீக்கப்பட்டது இதுவே முதல் தடவை. இதில் எனக்கும் சந்தோஷம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஓகஸ்ட் 10, இரவு

சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் பாராளுமன்றம் இந்த விஷயத்தில் கடைசியாக வந்த ஆள்.

2023 டிசம்பரிலேயே ஒரு சித்திரவதை வழக்கில் உயர் நீதிமன்றம் தென்னகோனைப் பொறுப்பாளி என்று சொல்லிவிட்டது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அதற்குப் பிறகுதான், 2024 பெப்ரவரியில், நிரந்தர நியமனம்! எப்படி? உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையில் நாலு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காத இரண்டையும் எதிர்ப்போடு கூட்டி, நாலுக்கு நாலு சமன் என்று வைத்து, தன் தீர்மான வாக்கைப் போட்டு ஐந்தாக்கினார் அப்போதைய சபாநாயகர். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இந்தக் கணக்கை வைத்திருந்தால் கதிரை பறந்திருக்கும்.

அதே ஆண்டு ஜூலை 24இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிறகு 2023 டிசம்பர் 31 வெலிகம ஹோட்டல் துப்பாக்கிச்சூட்டு விவகாரத்தில் மாத்தறை நீதவான் கைதுக்கு உத்தரவிட்டார். பொலிஸின் தலைவராக இருந்தவரைப் பொலிஸ் தேடுகிறது, மூன்று கிழமை அளவில் காணவில்லை. 2025 மார்ச் 19இல் தானாக வந்து நீதிமன்றத்தில் சரணடைந்தார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஏப்ரல் 8, ஓகஸ்ட் 5.

சபாநாயகர் தலைமை தாங்கும் பேரவை, பெரும்பாலும் எம்.பி.க்களே இருக்கும் பேரவை, உள்ளே விட்டது. அதே சபாநாயகர் கதிரைக்கு முன்னால் இருந்த சபை வெளியே அனுப்பியது. ஆட்கள் மாறிவிட்டார்கள், சரி. ஆனாலும் எதிர்த்து ஒருவரும் இல்லாத வாக்கெடுப்பைக் கண்காணிப்பு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஆற்றைக் கடந்தபின் எல்லாரும் நீச்சல்காரர்தான்.

ஓகஸ்ட் 11

"அப்போ 177 பேரும் எதிர்த்து வாக்குப் போட்டிருக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டு, கீழே நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். சிரியுங்கள். நான் சொன்னது அதுவல்ல. 2024 பெப்ரவரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு 2025 ஓகஸ்டில் வாக்குப் போட்டிருக்கிறார்கள் என்கிறேன்.

ஓகஸ்ட் 15

புதிய பொலிஸ் மா அதிபர் பிரியந்த வீரசூரிய. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். நல்ல செய்தி. கான்ஸ்டபிள் என்றவுடன் என் சொந்தக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. விஷயத்துக்கு வெளியே போகிறேன் என்று திட்டக்கூடாது.

போன மாதம் எங்கள் தோட்டத்துத் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிணற்றடியில் நாலு ஆணித் துளை மட்டும் மிச்சம். பொலிஸுக்குப் போனேன் (எந்த நிலையம் என்று சொல்லவில்லை, கேட்கவும் வேண்டாம்). தமிழில் எழுதக்கூடியவர் லீவாம். ஒரு இளம் கான்ஸ்டபிள், நல்ல பிள்ளை, அரைகுறைத் தமிழில் கேட்டுக் கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். பிளேன்டீயும் தந்தார். முடிவில் "சரி ஐயா, சைன் பண்ணுங்க" என்றார். ஒன்றரைப் பக்கம். எனக்குச் சிங்களம் பேசினால் பாதி விளங்கும், வாசிக்கத் தெரியாது. கையொப்பம் வைத்துவிட்டு வந்தேன்.

வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. உறுப்புரையைக் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தாலும் அந்த லீவுக்காரர் வந்திருக்கமாட்டார்.

ஓகஸ்ட் 18

முறைப்பாட்டுப் பிரதி எடுத்துச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த கூட்டாளியிடம் கொடுத்தேன். வாசித்துக்கொண்டு போனவன் திடீரென்று நிமிர்ந்து, "மச்சான், உன்னிட்ட மோட்டார் சைக்கிள் எப்ப இருந்தது?" என்றான்.

தண்ணீர் மோட்டர், மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டது. கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிள். கீழே என் கையொப்பம், தெளிவாக.

ஓகஸ்ட் 20

"உங்கள் எம்.பி. மூலம் பாராளுமன்றத்தில் கேள்வி போடச் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர் ஆலோசனை. ஒரு தண்ணீர் மோட்டருக்காகவா? மோட்டரை விடுங்கள், வாக்குமூலம் எந்த மொழியில் பதிவாகிறது என்பது சரியான கேள்விதான். ஆனால் அந்த வழி எப்படிப் போகும் என்று ஹன்சாட் (பாராளுமன்றப் பேச்சுகளின் அச்சுப் பதிவு) வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வாய்மூல விடைக்கான வினாவாகப் போகும். ஒழுங்குப் பத்திரத்தில் வரும். அன்று அமைச்சர் எழும்பி "விடையளிக்க ஒரு மாத கால அவகாசம் கோருகிறேன்" என்பார். மாதம் போகும். கேட்ட எம்.பி. சபையில் இல்லாத நாளாகப் பார்த்து அந்த வினா திரும்ப வரும். அதிர்ஷ்டம் இருந்தால் "விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று முடியும். குறுக்குக் கேள்விக்கு வழி இல்லை. விடை வந்தது, வாய் திறக்கவில்லை.

அவசர விஷயம் என்றால் எதிர்க்கட்சித் தலைவரோ கட்சித் தலைவர்களோ சபை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 23(2)இன் கீழ் கேட்கலாம். இந்தப் பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், ஒரு பெண் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்த துப்பாக்கியால் ஆளைச் சுட்டானே, அதுமாதிரி விஷயங்களுக்கு.

ஓகஸ்ட் 20, சற்றுப் பிறகு

23(2) பழைய இலக்கம். 2018இல் நிலையியற் கட்டளைகளைத் திருத்திய பிறகு 27(2). சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. வயசு போனால் இப்படித்தான், பழைய இலக்கம் மட்டும் ஞாபகம் நிற்கிறது.

ஓகஸ்ட் 24

வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தை மறந்துவிட்டேனாம். மறக்கவில்லை. பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் செலவுத் தலைப்பு வரும்போது, சம்பிரதாயத்துக்குப் பத்து ரூபா வெட்டு ஒன்றை முன்மொழிந்துவிட்டு எம்.பி.க்கள் தங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையக் கூரையிலிருந்து கஞ்சா வரை எல்லாம் பேசுவார்கள். நல்ல நாள் அது. ஆனால் ஆளுக்கு ஏழெட்டு நிமிடம். அமைச்சர் கடைசியில் எழும்பித் தனக்கு விருப்பமானவற்றுக்கு மட்டும் பதில் சொல்லலாம்.

தெரிவுக்குழுவில் அப்படி இல்லை. சுமந்திரன் ஒரு கேள்வி கேட்டால் அதே கேள்வியை ஹக்கீம் வேறு பக்கத்தால் திரும்பக் கேட்பார். சாட்சி தண்ணீர் குடிப்பார். மூன்றாவது தடவையும் அதே கேள்வி வரும். அந்த மூன்றாவது தடவையில்தான் பதில் வரும். சபையில் மூன்றாவது தடவை என்ற ஒன்றே இல்லை.

இன்னொன்று. 2019இல் சட்டம் ஒழுங்கு, பொலிஸ் இரண்டையும் ஜனாதிபதி தன் கையிலேயே வைத்திருந்தார். கேள்வி நேரத்தில் பதில் சொல்ல வேண்டியவர் சபையில் உட்காருவதே இல்லை. இராஜாங்க அமைச்சர் எழும்பி, கையில் கொடுத்த தாளை வாசிப்பார். அப்படிப்பட்ட நேரத்தில் அதிகாரிகளை நேரே கூப்பிட்டு உட்காரவைத்த ஒரே இடம் அந்தக் குழு அறை.

செப்டெம்பர் 2

இதை எழுதலாமா விடலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

2018 நவம்பர் 30, வவுணதீவு. காவலரணில் இருந்த இரண்டு பொலிஸ்காரரைக் கொன்றுவிட்டார்கள். எங்களுக்கு வாவியைக் கடந்தால் வவுணதீவு. உடனே முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஊரே அதை நம்பியது, நானும் நம்பினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருள் கிடங்கு பிடிபட்டது. அதையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏப்ரல் 21க்குப் பிறகுதான் தெரிந்தது, வவுணதீவில் கொன்றவர்களும் அந்தக் குண்டுவெடிப்புக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் ஆட்கள் என்று. பிடிபட்டிருந்தவர் மே மாதம் வெளியே வந்தார்.

காத்தான்குடியிலும் 2017 மார்ச் மோதலுக்கு முன்னும் பின்னும் அந்த ஊர் மக்களே சஹ்ரானைப் பற்றிப் பொலிஸுக்கு முறைப்பாடு கொடுத்தபடிதான் இருந்தார்கள். சஹ்ரானுக்குப் பிடியாணையும் இருந்தது. தெரிவுக்குழுவில் இதெல்லாம் வெளிவந்தபோது நான் நினைத்தது ஒன்றுதான். 2018 டிசம்பரில் யாராவது ஒரு எம்.பி. மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால்? "பிடித்த ஆளுக்கு எதிராக என்ன சாட்சி இருக்கிறது?" அவ்வளவுதான் கேள்வி. அந்த டிசம்பரில் பாராளுமன்றம் இருந்த இருப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு பிரதமர், மிளகாய்த் தூள், கதிரை வீச்சு.

செப்டெம்பர் 3

திருத்தம்: மிளகாய்த் தூள் நவம்பர் 16. வவுணதீவுக்கு இரண்டு கிழமை முந்தியது. இரண்டு பிரதமர் சிக்கல் டிசம்பர் நடுப்பகுதி வரை இழுத்தது, அது சரி.

செப்டெம்பர் 5

தொடக்கக் கேள்வி கேட்ட வாசகர் மறுபடி வந்திருக்கிறார். "அப்படியானால் நிரந்தரமாக ஒரு தெரிவுக்குழு இருக்கட்டும் என்கிறீர்களா?" துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் இருக்கின்றனவே ஐயா. பிரச்சினை குழு இல்லாதது அல்ல. பொலிஸ் விஷயத்தை ஒரு குழு அறையில் வைத்து மூன்றாவது தடவை கேட்பவர், அதை நாங்கள் சலூனில் இருந்து பார்க்க முடிவது, இந்த இரண்டும் சேர வேண்டும். கதவை மூடிக்கொண்டு மூன்று தடவை கேட்டாலும் எனக்கு அது காணாது. வாக்கெடுப்பு வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. 177ஐ நானும் எண்ணிப் பார்த்தேன்.

ஹன்சாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பேசினால் தமிழில்தான் அச்சாகும். யாரும் மொழிபெயர்த்து எழுதிவிட்டு "சைன் பண்ணுங்க" என்பதில்லை. அச்சுக்குப் போகுமுன் பேசியவர் பார்த்துப் பிழை திருத்தலாம். என் ஒன்றரைப் பக்கத்துக்கு இந்த வசதி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டெம்பர் 19

மோட்டர் கிடைத்ததா என்று கேட்டவர்களுக்கு. திருத்தம் கேட்டு இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை தமிழ் எழுதுபவர் இருந்தார். "முதல் முறைப்பாடு புத்தகத்தில ஏறிட்டு, இனி மாத்த ஏலாது, வேணுமெண்டா மேலதிக வாக்குமூலம் ஒண்டு தாங்க" என்றார். தந்தேன். வாசித்துக் காட்டினார். தண்ணீர் மோட்டர் என்றே இருந்தது.

இன்று காலை நிலையத்திலிருந்து தொலைபேசி. வேறொருவர், மிக மரியாதையாக, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் அகப்பட்டிருக்கிறது, வந்து அடையாளம் காட்ட முடியுமா, வரும்போது பதிவுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள் என்றார்.